அடுத்து எதைப் பிடிப்பது? கேள்வி பதில்

வேலை மாற்றம், மேற்படிப்பு, பாதியில் நிற்கும் திட்டம், எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே நிபந்தனை: புதிதாக ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சொன்னால், அதற்காக எதை நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பதவி உயர்வு, முதுகலைப் படிப்பு, உடம்பைத் தேற்றுவது, ஒரு புது மொழி. நான்கும் வேண்டும் சார். எதில் ஆரம்பிக்கட்டும்?

எதை நிறுத்துவீர்கள் என்று எழுதவில்லையே! பரவாயில்லை, முதல் கேள்வி.

நான்கையும் 'எது முக்கியம்' என்று ஒப்பிட்டால் முடிவு வராது, நான்குமே முக்கியம்தான். எது காத்திருக்காது என்று பாருங்கள். படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி உண்டு, மொழிக்கு இல்லை. அப்புறம், எது கெட்டால் மற்றதும் கெடும்? சரியாகத் தூங்காமல் நாளெல்லாம் சோர்ந்து கிடப்பவர் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதல் பருவத்திலேயே திணறுவார்.

அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண வேலை நாளை நினைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பட்டம் வேண்டுமா, அல்லது அலுவலகம் முடிந்து வந்து இரண்டு மணி நேரம் படிப்பது வேண்டுமா? பதவி உயர்வு வந்தால் இப்போது ரசித்துச் செய்கிற வேலை போய், நாளெல்லாம் கூட்டங்களில் உட்கார வேண்டியிருக்கும். அது சம்மதமா? முடிவு மட்டும் பிடித்து, அன்றாடம் பிடிக்காத இலக்கை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் நான்கு இரண்டாகிவிடும்.

மீதியில் ஒன்றுக்கு மூன்று மாதம் கொடுங்கள். மற்றது கெடாமல் இருந்தால் போதும். எப்போது, எங்கே செய்வீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 'இன்ன நேரம் வந்ததும் இதைச் செய்வேன்' என்று திட்டமிடுபவர்கள், வெறுமனே உறுதி எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999 கட்டுரையில் தொகுத்திருக்கிறார்.

சேமிப்பைப் பெருக்குவதுதான் என் இலக்கு. எதில் முதலீடு செய்யலாம்?

என் துறை இல்லை. நிதி ஆலோசகரைப் பாருங்கள்.

இரண்டு வருடமாகச் சொந்தத் தொழில். ஓடவில்லை. இவ்வளவு போட்டாச்சே என்று விடவும் மனம் வரவில்லை.

'போட்டாச்சே' என்ற எண்ணம் எவ்வளவு வலுவானது என்று ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985ல் காட்டினார்கள். நாடக அரங்கில் பருவம் முழுமைக்குமான சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், குலுக்கல் முறையில், தள்ளுபடி கொடுத்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது.

இதுவரை எதுவும் போடாத நிலையில், இப்போது தெரிந்ததெல்லாம் தெரிந்த பிறகு, இந்தத் தொழிலை இன்று தொடங்குவீர்களா? 'மாட்டேன்' என்றால் மூடும் வழியைத் திட்டமிடுங்கள். 'தெரியவில்லை' என்றால் ஒரு தேதியும் ஒரு எண்ணும் குறியுங்கள்: அந்தத் தேதிக்குள் இத்தனை வாடிக்கையாளர் திரும்பி வராவிட்டால் நிறுத்தம். மனம் தெளிவாக இருக்கும் இன்றே குறியுங்கள்.

1953ல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3% மாணவர்கள், 20 வருடம் கழித்து மற்ற 97% பேரைவிட அதிகம் சம்பாதித்திருந்தார்களாம். அப்படியிருக்க, எழுதுவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தங்களிடம் அதற்கான பதிவு எதுவும் இல்லை என்று யேலே சொல்லிவிட்டது. இதே கதை ஹார்வர்டு பெயரிலும் உலவுகிறது.

எங்கள் பயிற்சியாளரே சொன்னார் சார். அவர் பொய் சொல்வாரா?

அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். பொய் வேண்டாம், விசாரிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

கதை பொய்யாகவே இருக்கட்டும். எழுதினால் நல்லதுதானே? எதற்கு இப்படிக் குறை சொல்கிறீர்கள்?

எழுதுங்கள், நானும் எழுதுகிறவன்தான். 'எழுதினால் பணம் வரும்' என்று நம்பித் தவறான இலக்கை அழகான கையெழுத்தில் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. நிஜமான ஆய்வு வேண்டுமானால் உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேத்தம் இருவருடையதையும் பாருங்கள். 'முடிந்தவரை செய்' என்பதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் ஆளுக்குத் திறமையும் ஈடுபாடும் இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். முற்றிலும் புதிய, சிக்கலான வேலையில் 'இத்தனை சாதிப்பேன்' என்பதைவிட 'இத்தனை வழிகளைக் கற்பேன்' என்ற இலக்கே உதவுகிறது. இதெல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு எப்படிப் போவது என்பதற்கு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதில் பதில் இல்லை.

அப்போ ஸ்மார்ட் முறையும் பொய்யா?

பொய் இல்லை, இடம் மாறிப் பயன்படுகிறது. இலக்கு குறிப்பானதாக, அளக்கக்கூடியதாக, ஒருவர் பொறுப்பில், நடைமுறைக்கு ஏற்றதாக, காலக்கெடுவோடு இருக்க வேண்டும் என்ற ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ஸ்மார்ட் (SMART). 1981ல் ஜார்ஜ் டோரன் அதை நிறுவன மேலாளர்களுக்காக எழுதினார். ஐந்து அம்சமும் எல்லா இலக்குக்கும் பொருந்த வேண்டியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வாழ்க்கையை அதில் முழுசாக அடைக்காதீர்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் ஆர்வம். எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் பதிலைப் படியுங்கள்.

எனக்கும் ஐந்து ஆசைகள் இருக்கின்றன...

முதல் பதில். எதை நிறுத்துவீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை.

யேல் ஆய்வு உண்மைதான், நான் ஒரு காணொளியில் பார்த்தேன்.

யேல் பற்றி இனி பதில் கிடையாது.

இருக்கிற வேலையில் தொடர்வதா, விடுவதா? மாதக்கணக்கில் சரிபாதியாக நிற்கிறேன் ஐயா.

நல்ல கேள்வி. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் முடிவெடுக்கத் திணறுபவர்களை ஓர் இணையதளத்தில் நாணயம் சுண்ட வைத்தார். 20,000க்கும் மேற்பட்ட முறை சுண்டினார்கள். 2021ல் வெளியான முடிவு இது: வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில், நாணயத்தில் 'மாற்று' என்று விழுந்தவர்கள் ஆறு மாதம் கழித்து மற்றவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள். அவர்கள் தாங்களாக வந்து சுண்டியவர்கள், எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் உங்களைப் போல நிஜமாகவே சரிபாதியில் நிற்பவர் தேவைக்கு அதிகமாகத் தயங்குகிறார் என்றுதான் படிக்கிறேன். கடனும் குடும்பப் பொறுப்பும் அனுமதித்தால், மாற்றத்தின் பக்கம் சாய்வேன். அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு.

முதல் பதிலில் சொன்ன மூன்று மாதம் எனக்குப் போதுமா? ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடிக்க வேண்டும்.

அநேகமாகப் போதாது. 1994ல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது சுமார் 55 நாள். உங்கள் கணக்கு மூன்று மாதம் என்றால் நாட்காட்டியில் ஐந்து என்று குறியுங்கள். அதே படிப்பை முடித்த யாரிடமாவது எவ்வளவு காலம் ஆனது என்றும் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் மதிப்பீட்டைவிட நம்பகமானது.