‘டியர் சைல்ட்’: லேனா அல்லாதவரை ஹன்னா ஏன் அம்மா என்கிறாள்?

‘டியர் சைல்ட்’ என்ற ஜெர்மன் தொடரில், மருத்துவமனையில் கிடக்கும் பெண் காணாமல்போன லேனா அல்லர் என்று தெரிந்த பிறகும் சிறுமி ஹன்னா அவரை அம்மா என்பது திரைக்கதை ஓட்டையா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டை அன்று. மருத்துவமனையில் கிடப்பவர் லேனா அல்லர் என்று லேனாவின் பெற்றோர் சொல்வதும் உண்மை, ஹன்னா அவரை அம்மா என்று அழைப்பதும் பொய்யன்று; கடத்தியவன் தான் அடைத்து வைக்கும் பெண்ணுக்கு லேனா என்ற பெயரையே சூட்டி, அவரைத் தாயாக ஏற்கும்படி பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறான்.

உங்களுக்குக் குழப்பம் வந்ததற்கு, ஹன்னா பேசும் விதமே காரணமாக இருக்கலாம். பாடம் ஒப்பிப்பதுபோல் அவள் அமைதியாகச் சொல்வதால், அவள் சொல்வதையெல்லாம் நேரடிப் பொருளில் எடுத்துக்கொள்கிறோம்.

முதல் பகுதியின் தொடக்கத்தை மட்டும் மறுபடி பாருங்கள். கடத்தியவன் உள்ளே வந்ததும் மூவரும் வரிசையாக நின்று கைகளை நீட்டிக் காட்டுகிறார்கள். தாயும் பிள்ளைகளோடு பிள்ளையாக நிற்கிறார். முடிந்தால் ஜெர்மன் ஒலியிலேயே கேளுங்கள், ஹன்னாவின் குரல் டப்பிங்கில் பாதி போய்விடுகிறது.

ஆள்மாறாட்டத்தை இவ்வளவு சீக்கிரம் உடைத்தது தவறு என்போரும் உண்டு. எனக்கோ 2023இல் வந்த இந்த ஆறு பகுதித் தொடரின் பலமே அதுதான்.

தொடருக்கு மூலமான ரோமி ஹவுஸ்மனின் நாவலை இப்போது புரட்டிவிடாதீர்கள், மீதிப் பகுதிகளின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.