எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'லேட்டரல் மலியோலஸ்' என்றால் என்ன?

வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டச் சரிவில் சறுக்கி விழுந்த உங்கள் அத்தைக்கு, சேலத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் "ஃபிபுலாவின் லேட்டரல் மலியோலஸில் விலகாத முறிவு" என்று வந்திருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். வெளிக் கணுக்கால் மொட்டு எலும்பில்தான் முறிவு. துண்டுகள் இடம் மாறவில்லை.

லேட்டரல், மலியோலஸ், ஃபிபுலா மூன்றும் லத்தீன். 'லேட்டஸ்' என்றால் பக்கம், இங்கே வெளிப்பக்கம். 'மல்லியஸ்' சுத்தியல், 'மலியோலஸ்' குட்டிச் சுத்தியல். ஃபிபுலா என்பது ரோமானியர் மேலாடையைக் குத்திச் சேர்த்த ஊக்கு. முழங்காலுக்குக் கீழே பருத்த டிபியா எலும்பு ஊக்கின் சட்டம் என்றால், பக்கத்திலுள்ள மெல்லிய ஃபிபுலா எலும்பு அதன் ஊசி. இதே எலும்பை ஒட்டிய நரம்பை 'பெரோனியல்' என்று எழுதினாலும் குழம்ப வேண்டாம். ஊக்குக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

உடல் எடையைப் பெரும்பாலும் டிபியாதான் தாங்குகிறது. அதனால் ஃபிபுலா முறிந்தும் சிலர் நடந்துவிடுவார்கள். நடக்க முடிகிறதே என்று மாவுக்கட்டைத் தவிர்ப்பது தவறு. வெளி மொட்டு உள் மொட்டைவிட ஏறக்குறைய 1 செ.மீ. கீழே இறங்கி, பாதம் வெளிப்பக்கம் நழுவாமல் தடுக்கிறது.

உள் மொட்டின் கீழேயும் வலியோ வீக்கமோ இருந்தால் உள்பக்கத் தசைநாரும் கிழிந்திருக்கலாம். காலை 15 முதல் 20 டிகிரி உள்நோக்கித் திருப்பி எடுக்கும் 'மார்ட்டிஸ்' படம் எடுத்தார்களா என்று எலும்பு மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். அந்தக் காலில் கொலுசும் மெட்டியும் இருந்தால் இப்போதே கழற்றுங்கள், வீங்கியபின் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும்.