எழுத்து இடம் வலம் மாறித் தெரியும் ரீல்: வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 16 மி.மீ. புரொஜெக்டர் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஜூக்பாக்ஸ் போலக் காசு போட்டுப் பார்த்த ‘சவுண்டீஸ்’ பாட்டுப் படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் தலைப்பு எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிகின்றன. பழுதான பிரதியா? அதே ஆளிடம் ‘ஸ்கோபிடோன்’ கலர் ரீலும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: சவுண்டீஸை எழுத்துக்காக ஒதுக்கிவிடாதீர்கள். பழுதே இல்லை அது. சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் 1940-ல் கொண்டுவந்த ‘பனோரம்’ பெட்டிக்காகவே அச்சிட்ட பிரதி. ஆளுயர மரப்பெட்டி, உள்ளே புரொஜெக்டரும் கண்ணாடிகளும், மேலே திரை. படம் கண்ணாடிகளில் பட்டு, திரையின் பின்பக்கத்திலிருந்து விழும். அந்தச் சுற்றில் இடம் வலம் மாறிவிடுவதால், பிரதியையே மாற்றி அச்சிட்டார்கள். 10 சென்ட் போட்டால் சுமார் மூன்று நிமிடப் படம். ஜூக்பாக்ஸில் போல விரும்பிய பாட்டைக் கேட்க முடியாது. எட்டுப் படங்கள் ஒரே சுருளில் இருக்கும், அடுத்து எது நிற்கிறதோ அதுதான் ஓடும். ஆனாலும் ஜாஸ் இசைக் கலைஞர்கள் ஃபேட்ஸ் வாலரும் நாட் கிங் கோலும் பாடுவதை அதில் கண்ணால் பார்க்க முடிந்ததே!

எழுத்தை நேராக்க ரீலைத் திருப்பி மாட்டிவிடாதீர்கள். ஒலியுள்ள 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஓரத்தில் மட்டும்தான் துளை. பற்சக்கரம் மறு ஓரத்தைக் கிழித்துவிடும். மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். புரொஜெக்டர் ஒரு பக்கம், நீங்கள் மறு பக்கம். எழுத்து தானாக நேராகிவிடும்.

பணம் கொடுக்கும் முன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பக்கத்தில் வைத்த மற்ற ரீல்களையும் அது கெடுக்கும்.

அப்புறம் ஸ்கோபிடோன். அதுவும் பனோரம் போலக் காசு போட்டுப் படம் பார்க்கும் பெட்டிதான். 1960-ல் பிரான்ஸில் வந்த அந்தப் பெட்டியில் 36 படங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதன் ஒலி, ஃபிலிம் ஓரத்தில் உள்ள காந்தப் பட்டையில் பதிவானது. உங்கள் புரொஜெக்டரில் காந்த ஒலியைப் படிக்கும் ஹெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பாட்டுப் படத்தை ஊமைப் படமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.