கல்லீரலில் டிஎன்ஏ சேதம் ஏன் கண்ணுக்குப் படவில்லை?

கேள்வி: சுண்டெலிகளுக்கு 4 கிரே (உடல் வாங்கும் கதிரின் அலகு) காமா கதிர் கொடுத்து, 30 நிமிடத்திலும் 4 மணி நேரத்திலும் உறுப்புகளை எடுத்து ஆல்கலைன் காமெட் சோதனை (செல்லின் உடைந்த டிஎன்ஏ மின்புலத்தில் தலையிலிருந்து வால்போல இழுபட்டுத் தெரியும்) செய்கிறேன். கல்லீரலில் இரண்டு நேரத்திலும் வால் கதிர் படாத எலிகளைப் போலத்தான் இருக்கிறது. மண்ணீரலிலோ 4 மணி நேரத்தில் சேதம் கூடிவிட்டது. கல்லீரலைக் கொலாஜனேஸ் (திசுவைக் கரைத்துச் செல்களைப் பிரிக்கும் நொதி) போட்டு 37 டிகிரியில் பிரிக்கிறேன், மண்ணீரலைச் சல்லடையில் தேய்க்கிறேன். கல்லீரல் கதிரைத் தாங்கிவிட்டது என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். ஸ்லைடில் தெரிவது பட்ட அடி அல்ல. செல் சரிசெய்தது போக மிச்சம் இருப்பது.

1 கிரே பட்டால் ஒரு செல்லில் ஏறக்குறைய 1,000 ஒற்றை இழை முறிவுகளும் சுமார் 40 இரட்டை இழை முறிவுகளும் விழும். ஆல்கலைன் காமெட் பெரும்பாலும் முதல் வகையைத்தான் காட்டுகிறது. அதில் பாதி பத்து, இருபது நிமிடத்தில் ஒட்டிவிடும். நீங்கள் 30 நிமிடம் காத்திருந்தீர்கள். அப்புறம் கொலாஜனேஸோடு 37 டிகிரியில் வைத்தீர்களே, அது செல்லுக்குப் பழுதுபார்க்கக் கொடுத்த கூடுதல் நேரம்! மண்ணீரலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

கல்லீரலையும் ஐஸ் மேல் வைத்து, இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) கலந்த குளிர்ந்த பஃபரில் கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள். ஆரம்ப சேதம் எவ்வளவு என்று அறிய உயிருள்ள எலி உதவாது, உறுப்பை எடுப்பதற்குள் நிமிடங்கள் ஓடிவிடும். கதிர் படாத எலியின் செல்களை அகரோஸ் கூழில் பதித்து, ஸ்லைடை ஐஸ் மேல் வைத்தே கதிர் கொடுத்து, உடனே செல்லைக் கரைக்கும் லைசிஸ் கரைசலில் போடுங்கள். அதுதான் உங்கள் பூஜ்ய நேரம். மயக்க மருந்து கொடுத்தால் எலியின் உடல் சூடு இறங்கிப் பழுதுபார்ப்பு மந்தமாகும், கதகதப்பாக வைத்திருங்கள்.

சரி, மண்ணீரல்? அங்கே 4 மணி நேரத்தில் கூடியது புதிய முறிவாக இருக்க வாய்ப்பு குறைவு. லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அப்போப்டோசிஸில், அதாவது செல் தானே திட்டமிட்டுச் சாகும் முறையில், சாகும்போது தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே துண்டாக்கும். தலை சிறுத்து, வால் மட்டும் பெருத்த காமெட்டுகளைத் தனியாக எண்ணி, அப்படிச் சாகும் செல்களைக் காட்டும் காஸ்பேஸ்-3 சாயத்தோடு ஒப்பிடுங்கள். சராசரியில் சேர்த்தால் சாவையே சேதமாகக் கணக்கெழுதிவிடுவீர்கள்.

பழுதுபார்ப்புதான் உங்கள் கேள்வி என்றால், நான் காமெட்டோடு நிற்க மாட்டேன். 1998-இல் கண்டறியப்பட்ட காமா-எச்2ஏஎக்ஸ் என்ற புரத அடையாளம், சாயமிட்டால் இரட்டை இழை முறிவு விழுந்த இடத்தில் ஒளிரும் புள்ளியாகத் தெரியும். 30 நிமிடம் வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு குறையும். ஆனால் 4 கிரேயில் உச்சத்தின்போது புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், எண்ணவே முடியாது. ஆரம்பக் கட்டத்துக்கு 0.5 அல்லது 1 கிரே போதும், 24 மணி நேர மிச்சத்துக்கு 4 கிரே நல்லது. புள்ளி மறைவது முறிவு ஒட்டியதைவிடச் சற்றுத் தாமதமாகவே நடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மண்ணீரலில் புள்ளியாக இல்லாமல் நியூக்ளியஸ் முழுக்க ஒரே பூச்சாக மின்னுபவை சாகிற செல்கள், அவற்றைத் தள்ளிவையுங்கள்.

கல்லீரலில் இன்னொரு வில்லங்கம். வளர்ந்த சுண்டெலியின் கல்லீரல் செல்கள் பலவற்றில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகவோ நான்கு மடங்காகவோ இருக்கும். டிஎன்ஏ கூடினால் அதே கதிருக்கு முறிவும் கூடும். டிஎன்ஏவில் ஒட்டும் டாபி சாயத்தின் ஒளிர்வை வைத்து நியூக்ளியஸ்களைப் பிரித்து எண்ணாவிட்டால், ஒன்றில் 15, பக்கத்தில் 30 என்று வந்து குழம்புவீர்கள். மெல்லிய திசுச் சீவலில் நியூக்ளியஸ் முழுசாக இருக்காது என்பதால், அங்கே எண்ணுவது எப்போதும் குறைச்சல்தான். எல்லா எலிக்கும் ஒரே தடிமனில் வெட்டுங்கள்.

5 எலியில் ஆளுக்கு 150 செல் எண்ணினால் மாதிரி 5-தான், 750 அல்ல. ஸ்லைடின் பெயரை மறைத்து எண்ணுங்கள்.