வாழைத்தண்டுக்கு முடி கரையுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, என் பேத்திக்கு 11 வயசு. எந்நேரமும் முடிய பிடுங்குறா, உச்சந்தலையில சொட்டை விழுந்துருச்சு. ஆனா ஆத்தங்குடிக் கல்லுத் தரையில ஒரு முடி கெடந்து பாத்ததில்ல. இப்ப ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிருச்சுங்குறா, வாந்தி வேற. மேல்வயித்துல கெட்டியா என்னமோ தட்டுப்படுது. வாழைத்தண்டு சாறு குடுத்தா முடி கரைஞ்சு வந்துரும்னு சொல்றாக, குடுக்கலாமா?
- ஒரு ஆயா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, வாழைத்தண்டு நல்லதுதான், கூட்டு வச்சு நீங்க சாப்பிடுங்க, ஆனா அது முடிய கரைக்காது. முடிங்கிறது கெரட்டின், நகத்துல இருக்குற அதே சரக்கு, அத செரிக்க வைக்கிற என்சைம் மனுசன் வயித்துல கிடையாது. சோத்தோட ஒண்ணு ரெண்டு போனா தானா வெளிய போயிரும், மாசக்கணக்கா வருசக்கணக்கா முழுங்குறப்பதான் வம்பு, வழவழன்னு இருக்கறதால இரைப்பை தள்ளினாலும் நகராம மடிப்புல தங்கி, சளியும் சாப்பாடும் ஒட்டி பந்தாகி, கடைசில இரைப்பையோட வடிவத்துலயே உருண்டு நிக்கும். உள்ள சிக்குன சோறு அழுகுறதால வாய் நாறும். சிலருக்கு வால் மாதிரி சிறுகுடல் வரைக்கும் நீளும், அதுக்கு 1968ல, கதையில வர்ற நீளமுடிப் பொண்ணு பேர்ல, ராபுன்ஸல் சிண்ட்ரோம்னு பேர் வச்சாங்க.

தரையில முடி இல்லைன்னு எழுதினீங்க பாருங்க, அதான் முக்கியம், பிடுங்குன முடிய புள்ள முழுங்குதுன்னுதான் தோணுது. டாக்டர்கிட்ட மொதல்ல அதச் சொல்லுங்க, புள்ள தானா சொல்லாது. சாதா அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல ஒரு வெள்ளக்கோடும் அதுக்குப் பின்னால நிழலும்தான் தெரியும், காத்துன்னு விட்டுற வாய்ப்பிருக்கு. சிடி ஸ்கேன் எடுத்தா நல்லா தெரியும், வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாக்குற எண்டோஸ்கோப்பில கண்ணாலயே பாத்துரலாம். ரத்தசோகை டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்க. சின்ன உருண்டைன்னா சிலசமயம் அந்தக் குழாய் வழியாவே எடுத்துருவாங்க, கையில தட்டுப்படுற அளவுன்னா பெரும்பாலும் ஆபரேஷன்தான், பயப்படாதீங்க. கோலா குடுத்தா கரையும்பாங்க, அது பழம் காய்கறி நார்க்கட்டிக்குப் பாக்குற வைத்தியம், முடிக்கு ஆகாது. பேதி மருந்து குடுக்கவே குடுக்காதீங்க. வாந்தி நிக்காம வயிறு உப்பி வலிச்சா ராத்திரின்னு பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

குன்றக்குடியில மொட்டை போட்டா சரியாயிரும்னும் யாராச்சும் சொல்லுவாக. போடுங்க, ஆனா முடி வளந்தா பழக்கமும் திரும்பும். புள்ளைய திட்டாதீங்க, அது வேணும்னு செய்யல. பிடுங்கத் தோணுறப்ப கைக்கு வேற வேலை குடுக்கப் பழக்குற தெரபி இருக்கு, மனநல டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும், இல்லன்னா உருண்டைய எடுத்த வயித்துலயே மறுபடி சேரும்.

எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயித்தோட போகணும், எத்தன மணியில இருந்துன்னு முன்னாடியே கேட்டுக்குங்க, வழியில பசிக்குமேன்னு கந்தரப்பம் குடுத்துறாதீங்க.