வால்வு மாத்தினவங்க பல்லு புடுங்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு சென்னையில ஹார்ட் வால்வு மாத்தியிருக்கு. இப்ப கடவாப்பல்லு ஆடுது, ஈறும் வீங்கிருச்சு. பக்கத்து தெரு பல்லு கடையிலேயே புடுங்கிக்கிறேன்னு அடம் புடிக்கிறாங்க. போலாமா? முன்னாடி மாத்திரை எதாச்சும் போடணுமா?
- வாசகி, ரங்கூன்

பதில்: அவசரப்பட்டு உக்கார வச்சிராதீங்கம்மா. பல்லு புடுங்கும்போது வாயில இருக்க கிருமி ரத்தத்துல கலக்கும், நமக்கெல்லாம் அது கொஞ்ச நேரத்துல தானா அழிஞ்சிரும், ஆனா செயற்கை வால்வு இருந்தா அதுல ஒட்டி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாயிரும், இதைத்தான் எண்டோகார்டைட்டிஸ்னு சொல்றாங்க. அதனாலதான் இவங்கள மாதிரி ஆளுங்களுக்கு அமாக்ஸிசிலின்ங்கிற பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் 2 கிராம், ஒரே ஒரு வேளை, 30 லேர்ந்து 60 நிமிஷம் முன்னாடி குடுப்பாங்க. பென்சிலின் அலர்ஜி இருந்தா வேற மருந்து. ஹார்ட் டாக்டர் எழுதித் தரட்டும், வீட்டுல மிச்சம் கிடக்குற மாத்திரைய குடுக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்கன்னா பல் டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்த வேணாம்.

அடுத்தது அந்த கடை. கருவிய எப்படி சுத்தம் பண்றீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. வெந்நீர்ல கொதிக்க வச்சோம், ஸ்பிரிட்ல தொடச்சோம்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க, 100 டிகிரி கொதியில சில கிருமியோட வித்து சாகாது. ஆட்டோகிளேவ் வேணும், பிரஷர் குக்கர் மாதிரிதான், 121 டிகிரி ஆவியில குறைஞ்சது 15 நிமிஷம் இருக்கணும். நம்மூர்ல கரண்ட் போற போக்குக்கு ஜெனரேட்டர் இருக்கான்னும் கேளுங்க, கரண்ட் பாதியில போச்சுன்னா அந்த கருவி சுத்தமாகல, மறுபடி மொதல்லேர்ந்து போடணும். சுத்தமான கருவி ஒட்டின பையில இருக்கும், அத உங்க கண்ணு முன்னாடி கிழிக்கணும், பை மேல இருக்க அடையாளம் கலர் மாறியிருக்கணும். ஊசியும் மரப்பு மருந்து குப்பியும் புதுசா பிரிக்கணும், இல்லன்னா ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு வந்துரும்.

புடுங்கின பிறகு குன்யா (வெத்தலை பாக்கு) வேணாம், துப்பத் துப்ப பல்லு இருந்த குழியில உறைஞ்ச ரத்தக்கட்டி பேந்துரும். அத்தை கோவிச்சுக்குவாங்க, பரவால்ல.

அப்புறம் ரொம்ப முக்கியம், அடுத்த சில வாரத்துல காரணமில்லாம காய்ச்சல், குளிர் நடுக்கம், ராத்திரி வேர்வைன்னு வந்தா அது எண்டோகார்டைட்டிஸா இருக்கலாம், டெங்குவா இருக்கும்னு மருந்துக்கடையில ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுராதீங்க, அது ரத்தத்துல கிருமி இருக்கான்னு வளர்த்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட்ல கிருமிய மறைச்சிரும். டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து, வால்வு மாத்தினவங்கன்னு ஆஸ்பத்திரியில மொத வார்த்தையா சொல்லுங்க.