செயலரைக் காணோம், மானியக் கணக்கும் இடிக்கிறது: கேள்வி பதில்

ஊராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதே பிழைப்பாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊராட்சிச் செயலர் திடீரென்று காணாமல் போவதும், அதே நேரத்தில் மானியப் பணத்தில் சந்தேகம் கிளம்புவதும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விகளில் இருந்த ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எதுவும் நிரூபணம் ஆகாத நிலையில் அவை வேண்டாம்.

கேள்வி (வார்டு உறுப்பினர்): சார், எங்கள் செயலர் பத்து நாளாக ஆபீசுக்கு வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். நிதிக்குழு மானியத்தில் (மத்திய நிதிக்குழு பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் பணம்) குழாய் போட்டதாகப் பில் இருக்கிறது, தெருவில் குழாய் இல்லை. முதலில் என்ன செய்வது?

ஆளைத் தேடுவதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். நீங்கள் காகிதத்தைக் காப்பாற்றுங்கள். இந்த மாதிரி விஷயங்களில் ஆள் போன வாரத்தைவிட அதற்கு அடுத்த வாரம்தான் ஆபத்து. அப்போதுதான் வவுச்சர் கட்டு காணாமல் போகும், தீர்மான நோட்டில் இடைச்செருகல் வரும், எம்.புக் (நடந்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) 'மழையில் நனைந்துவிடும்'.

வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) இன்றைக்கே எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மனுவில் மூன்று விஷயம் கேளுங்கள். அலுவலகத்தைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்து, என்னென்ன பதிவேடு இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் எடுக்க வேண்டும். பயன்படுத்தாத செக் தாள்களுக்கு வங்கியில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் போக வேண்டும். இணையவழிப் பணப்பட்டுவாடாவுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, அதை முடக்க வேண்டும். பலரும் செக்கை யோசிப்பார்கள், டோக்கனை மறந்துவிடுவார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆனால் நிதிக்குழு மானியமே அதன் வழியாகத்தான் போகிறது.

பூட்டை மட்டும் நீங்கள் உடைக்காதீர்கள். உடைத்தால், நாளைக்குக் காணாமல் போகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி (ஒரு செயலரின் மனைவி): ஐயா, என் கணவர் வீட்டை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது. ஸ்டேஷனில் "பணத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினவருக்கு மிஸ்ஸிங் கேஸா" என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து சிலர் ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

அம்மா, முதலில் அந்தப் பேப்பர். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "தொகையை நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்று குடும்பத்திடம் எழுதி வாங்குவது வழக்கமாக நடக்கிற வேலை. கணவர் வைத்த கணக்குக்கு மனைவி பொறுப்பு இல்லை. எவ்வளவு குறைகிறது என்று தணிக்கை முடிந்தால்தான் தெரியும். தொகையே தெரியாத கடனை யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

அடுத்தது புகார். ஆள் காணவில்லை என்பது ஒரு வழக்கு, பணக் கையாடல் என்பது வேறு வழக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது. கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது (மனு வந்ததற்கு ஸ்டேஷன் தரும் ஒப்புகை) கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)இல் வழி இருக்கிறது. அப்புறமும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆட்கொணர்வு மனு போடலாம் என்று சொல்வார்கள். யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடிப்படை இருந்தால்தான் அது நிற்கும். வெறுமனே காணவில்லை என்றால் தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். யாராவது மிரட்டியிருந்தால், கடைசியாக யார் போனில் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பதை மறக்கும் முன் எழுதி வையுங்கள். உங்கள் கணவர் குற்றவாளியாகவும் இருக்கலாம், மற்றவர்கள் செய்ததைப் பார்த்த சாட்சியாகவும் இருக்கலாம். இன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஒரு செயலர் தனி ஆளாக லட்சக்கணக்கில் மானியத்தை எடுத்துவிட முடியுமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். செயலருக்குக் கணக்கு எழுதுகிற வேலைதான். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஒத்துப்போகாமல் பணம் முடங்கினாலோ, முறைகேடு தெரிந்தாலோ, ஆட்சியர் 203ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலர் போன்றோருக்கு மாற்றுவது நடைமுறை.

பணம் வெளியே போகும் முன் இன்னும் சில கைகளைத் தாண்ட வேண்டும். வேலைக்கு மதிப்பீடு போட்டவர் ஒருவர். நடந்த வேலையை அளந்து எம்.புக்கில் பதிந்த ஓவர்சியர் ஒருவர். சரிபார்த்த பொறியாளர் ஒருவர். இல்லாத குழாய்க்குப் பில் பாஸ் ஆகியிருந்தால், இல்லாத குழாயை ஒருவர் டேப் வைத்து அளந்திருக்கிறார் என்று அர்த்தம்! வேலை நடந்த புகைப்படத்தை யாரோ ஏற்றியிருக்கிறார். பணம் வாங்கிய சப்ளையர் ஒருவர் இருக்கிறார், அவர் ஜி.எஸ்.டி. பில் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் எங்கேயும் ஓடவில்லை, கடையில்தான் உட்கார்ந்திருப்பார்.

சரி, செயலர் ஏமாற்றவே முடியாதா? முடியும். வெற்றுச் செக்குகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது, தலைவரின் டோக்கனையும் கடவுச்சொல்லையும் தானே வைத்துக்கொள்வது, இரண்டும் சகஜம். "நான் நம்பிக் கொடுத்தேன்" என்று தலைவர் சொன்னால் அது அலட்சியத்துக்கான ஒப்புதல் மட்டும்தான், விடுதலைப் பத்திரம் இல்லை. என் அனுபவத்தில், ஆள் ஓடியதும் ஊரில் மிகச் சத்தமாக "திருடன், திருடன்" என்று கத்துகிறவரின் கையெழுத்தை நான் முதலில் தேடுவேன்.

கேள்வி: நிதிக்குழு மானியம் எதற்குச் செலவாக வேண்டும்? நாங்களே பார்க்க முடியுமா?

பார்க்கலாம். 2020 ஏப்ரல் 24 முதல் இருக்கும் இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துப் போனால் வரவும் செலவும் வரும். 15ஆவது நிதிக்குழுவின் 2021-26 காலத்துக்கு மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனைக்குட்பட்டது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கு மட்டும் கூடாது. தணிக்கை அறிக்கைகள் ஆடிட்ஆன்லைன் என்ற தளத்தில் ஏறுகின்றன.

நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். பெரிய தொகைகளை விட்டுவிடுங்கள், அவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். ஒரே சப்ளையருக்குச் சில நாள் இடைவெளியில் போன கிட்டத்தட்ட ஒரே அளவு தொகைகளைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, மோட்டார் பழுது. இவற்றுக்குச் செலவாகி முடிந்த பிறகு தடயம் இருக்காது. அதனால்தான் முறைகேடு அங்கே குடியிருக்க விரும்புகிறது. ஒரே மோட்டார் வருடத்தில் எத்தனை தரம் ரிப்பேர் ஆனது என்று தேதிவாரியாகக் குறித்து, தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டரிடம் போய்க் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் எந்த மோட்டாரும் கழற்றப்படாது.

கேள்வி: ஆர்.டி.ஐ. போட்டேன். "விசாரணை நடப்பதால் தர இயலாது" என்று பதில்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(h) பிரிவைச் சொல்லியிருப்பார்கள். விசாரணையைக் கெடுக்கும் தகவலை மறுக்கலாம் என்கிற பிரிவு அது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். "ஏன், எதற்கு" என்று கேட்காமல், கேஷ் புக், வவுச்சர், எம்.புக் பக்கங்களின் நகல் என்று கேளுங்கள். நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வீட்டு வரியைச் செயலர் கையில்தான் ரொக்கமாகக் கொடுத்தேன். இப்போது பாக்கி என்று காட்டுகிறது. மறுபடியும் கட்ட வேண்டுமா?

ரசீது இருந்தால் வேண்டாம். ரசீது எண்ணைக் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுங்கள். ரசீது போலியாக இருந்தால் அது தனிக் குற்றத்துக்கான சாட்சியம், அசலை யாரிடமும் விடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். ரசீதே வாங்கவில்லை என்றால் சிரமம்தான். இனி ஊரக வளர்ச்சித் துறையின் வரித் தளத்தில் நேரடியாகக் கட்டுங்கள்.

கேள்வி (அண்டை ஊராட்சிச் செயலர்): அண்ணா, காணாமல் போனவரின் ஊராட்சியை எனக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான், தம்பி. பொறுப்பு ஏற்கிற நாளில் வங்கியில் போய் எல்லாக் கணக்குகளின் இருப்புச் சான்றும் வாங்கு. கேஷ் புக்கில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, "இத்துடன் எனக்கு முந்தைய பதிவுகள் முடிகின்றன" என்று எழுதி, மேலதிகாரியின் கையெழுத்து வாங்கு. கிடைக்காத பதிவேடுகளின் பட்டியலை அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடு. பழைய பில் எதையும் "சும்மா ஒரு பதிவு போட்டுவிடு" என்று யார் சொன்னாலும் போடாதே. வாய்மொழி உத்தரவு என்றால் "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். யாரைக் கேட்பது?

2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓடு முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது, அங்கே கணக்கு வேறு. எனவே ஒவ்வொரு செலவுக்கும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியில் கையெழுத்து அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர் பதில் சொல்ல வேண்டும். பதவிக்காலம் முடிந்தது என்பதால் பழைய தலைவரின் பொறுப்பு முடிந்துவிடாது. தனி அலுவலர் அரசு அதிகாரி என்பதால் அவரைக் கேட்கக் கூடாது என்றும் இல்லை.

கேள்வி: பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் என் பெயரில் வீடு கட்டி முடிந்ததாக இருக்கிறது. நான் குடிசையில் இருக்கிறேன்.

உங்கள் பெயரில் எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சமவெளிப் பகுதியில் மத்திய மாநிலப் பங்கு சேர்ந்து 1.20 லட்சம், தவணை தவணையாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியீட்டோடு புகைப்படம் ஏற்றிய பிறகுதான் வரும். அப்படியானால் வேறு யார் வீட்டையோ உங்கள் வீடாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள், ஊரில் எவர் வீடு என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த பி.எம். கிசான் (விவசாயிகளுக்கான உதவித்தொகைத் திட்டம்) முறைகேட்டில் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேருக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. அங்கேயும் பயனாளிகளின் வங்கிக் கணக்குகளைப் பிடித்துத்தான் பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள்.

கேள்வி: புகாரை லஞ்ச ஒழிப்புத் துறையில் கொடுப்பதா, லோக்கல் போலீசிலா?

கையாடல், போலி ஆவணம் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு எடுக்கும். உயர் அதிகாரிகள் பங்கு தெரிந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை நல்லது. ஆனால் அலுவல் முடிவு பற்றிய விசாரணைக்கு ஊழல் தடுப்புச் சட்டம் 17ஏ-இன்படி முன்அனுமதி வேண்டும், தாமதம் ஆகும். இரண்டுக்கும் நகல் வைத்து, திங்கள்கிழமை மனுநாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள். கிராம சபையில் கேள்வி எழுப்பி, அதைத் தீர்மான நோட்டில் பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: அவர் வரவே இல்லை என்றால் வழக்கு அப்படியே கிடக்குமா?

முன்பு கிடந்தது. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316(5), அதற்கு முன் நடந்ததற்கு இந்திய தண்டனைச் சட்டம் 409. இரண்டிலும் ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை சிறை. மானியம் சில வருடங்களில் பரவியிருந்தால் இரண்டு சட்டமும் ஒரே வழக்கில் வரலாம். பிடிவாரண்டுக்குச் சிக்காதவரை அறிவிக்கப்பட்ட குற்றவாளி ஆக்கி, சொத்தை முடக்கலாம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 356ஆவது பிரிவு, அப்படிப்பட்டவர் இல்லாமலேயே விசாரணை நடத்த வழி தருகிறது. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 30 நாள் இடைவெளியில் இரண்டு வாரண்ட், பத்திரிகை அறிவிப்பு என்று நிபந்தனைகள் உண்டு.

அவர் தன் விருப்பத்தில் ஒளிந்திருக்கிறார் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். அதனால்தான் ஆள் காணவில்லை வழக்கை ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கேள்வி: திரும்பி வந்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். தற்காலிகமாகக் கையாடினாலும் குற்றம்தான். பணத்தைக் கட்டியது ஜாமீனுக்கும் தண்டனைக் குறைப்புக்கும் உதவலாம், அவ்வளவே. கட்டுவதாக இருந்தால் ஊராட்சிக் கணக்கில் சலான் வழியாகக் கட்டி, எந்த வருடம், எந்தத் தலைப்பு என்று அதில் எழுத வேண்டும். "என்னிடம் கொடு, நான் செட்டில் பண்ணிவிடுகிறேன்" என்று நடுவில் ஒருவர் வருவார். அவரிடம் கொடுத்த பணத்துக்கு எந்தக் கணக்கிலும் வரவு கிடையாது.